2 ஏக்கர், 40,000 ரூபாய், மாடு இல்லை: இயற்கை விவசாயத்தை எங்கிருந்து தொடங்குவது?

கேட்டவர் சொன்னது சுருக்கமாக: திருவண்ணாமலை மாவட்டத்தில் 2 ஏக்கர் செம்மண் நிலம். ஒரு கிணறு, கோடையில் தண்ணீர் இறங்கிவிடும். அப்பா காலத்திலிருந்து கடலையும் நெல்லும்தான், யூரியாவும் டிஏபியும் போட்டு. இப்போது ஊருக்குத் திரும்பி ரசாயனம் இல்லாமல் செய்ய ஆசை. கையில் 40,000 ரூபாய். மாடு கிடையாது. வீடியோவில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். சாணமும் கோமியமும் கலந்து புளிக்க வைக்கும் ஜீவாமிர்தக் கரைசலை மட்டும் ஊற்றினால் போதுமா, நாட்டு மாடு வாங்கியே ஆக வேண்டுமா, பூச்சி வந்தால் என்ன செய்வது, சான்றிதழ் வாங்க வேண்டுமா?

தம்பி, டிரம் வாங்குவதற்கு முன்னால் விதை வாங்குங்கள். கடலை விதையைச் சொல்லவில்லை, பலதானிய விதை: பல பயிர்களைக் கலந்து விதைத்து, வளர்ந்ததும் மண்ணுக்குள்ளேயே மடக்கி உழுவதற்கு. இயற்கை விவசாயம் என்றாலே நீல டிரம்மில் ஜீவாமிர்தத்தைக் குச்சி விட்டுக் கலக்குவதில்தான் எல்லாரும் தொடங்குகிறார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் முதல் வருஷம் உங்கள் பணமும் உழைப்பும் போக வேண்டிய இடம் அது இல்லை.

ஏன் என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஜீவாமிர்தத்துக்கு ஏக்கர் அளவு: தண்ணீர் 200 லிட்டர், புதுச் சாணம் 10 கிலோ, கோமியம் 5 முதல் 10 லிட்டர், வெல்லம் 2 கிலோ, பயறு மாவு 2 கிலோ, மருந்து படாத வரப்பு மண் ஒரு கைப்பிடி. மகாராஷ்டிரத்தைச் சேர்ந்த சுபாஷ் பாலேக்கர் பரப்பிய அளவு இது. இவ்வளவிலும் இருக்கும் தழைச்சத்தை (நைட்ரஜனை) கூட்டினால் கால் கிலோ தேறினாலே அதிகம். ஏக்கருக்கு 2 டன் நெல் விளைய வேண்டுமென்றால் பயிர் மண்ணிலிருந்து 30 கிலோவுக்கு மேல் தழைச்சத்து எடுக்கும். மாதம் இரண்டு முறை ஊற்றினாலும் இந்தக் கணக்கு எங்கேயும் எட்டாது. அதனால் கரைசல் வீண் என்று நான் சொல்லவில்லை. அது உரம் இல்லை, உறைமோர். மண்ணில் மக்குவதற்குத் தழையும் வேரும் கிடந்தால் அதை நுண்ணுயிர்கள் சீக்கிரம் பதப்படுத்த உதவும். பால் இல்லாத பானையில் உறைமோரை எத்தனை கரண்டி விட்டாலும் தயிர் ஆகாது. ஜீவாமிர்தம் ஊற்றியும் விளையவில்லை என்று இரண்டாம் வருஷமே யூரியாவுக்குத் திரும்பியவர்கள் எங்கள் பக்கம் நிறைய பேர். பெரும்பாலானவர்களின் நிலத்தில் நடந்தது இதுதான்: மண்ணுக்குள் சாப்பாடு எதுவும் போடாமல் கரைசலை மட்டும் நம்பியது.

அந்த 30 கிலோ எங்கிருந்து வரும்? காற்றில் இருக்கிறது. அதைப் பிடித்து மண்ணுக்குக் கொண்டுவரும் வேலையைப் பயறு வகைச் செடிகளின் வேர்முடிச்சுகள் செய்கின்றன. பசுந்தாள் உரச் செடிகளான தக்கைப்பூண்டோ சணப்போ 45 நாள் நன்றாக வளர்ந்து மடக்கி உழுதால் ஏக்கருக்கு 25 முதல் 40 கிலோ வரை தழைச்சத்து மண்ணில் சேரும். விதைச் செலவும் ஓர் உழவுச் செலவும்தான். குறைந்த செலவு விவசாயம் என்று எதையாவது சொல்ல வேண்டுமானால் நான் இதைத்தான் சொல்வேன்.

உங்கள் செம்மண்ணுக்குத் தக்கைப்பூண்டை மட்டும் விதைப்பதைவிடப் பலதானியமாக விதைப்பது நல்லது. சோளம், கம்பு, தினை. தட்டைப்பயறு, உளுந்து, பாசிப்பயறு, கொள்ளு. எள், ஆமணக்கு, நிலக்கடலை. கடுகு, கொத்தமல்லி, வெந்தயம். சணப்பு, தக்கைப்பூண்டு, கொழுஞ்சி. எல்லாம் சேர்ந்து ஏக்கருக்கு 20 முதல் 25 கிலோ. இருபது வகை இருந்தால்தான் என்று யாராவது சொன்னால் கவலைப்படாதீர்கள். பத்து வகை கிடைத்தாலும் சரி, அதில் பாதி பயறு வகையாக இருக்கட்டும். மளிகைக் கடையில் வாங்கும் பயறு முளைக்கிறதா என்று ஈரத்துணியில் கட்டிப் பார்த்துவிட்டு அதையே விதைக்கலாம்; உடைத்த பருப்பு மட்டும் ஆகாது. சித்திரையில் ஒரு கோடை மழை கிடைத்ததும் உழுது விதைத்துவிடுங்கள். பூ எடுக்கும் நேரத்தில், 45லிருந்து 50 நாளில், ரோட்டவேட்டர் விட்டு மடக்கி உழுங்கள். காய் பிடிக்க விட்டால் செடி நார்த்துவிடும், மக்க நாளாகும்.

மடக்குவதற்கு முன்னால் ஒரு சணப்புச் செடியை இழுத்துப் பிடுங்காமல் மண்வெட்டியால் மண்ணோடு பெயர்த்து, வேரைத் தண்ணீரில் அலசிப் பாருங்கள். மிளகு அளவில் முடிச்சுகள் ஒட்டியிருக்கும். ஒன்றை நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். அப்படி இருந்தால் முடிச்சு வேலை செய்கிறது. வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால், அல்லது முடிச்சே இல்லையென்றால், அந்த மண்ணில் முடிச்சை உண்டாக்கி வேலை செய்யும் ரைசோபியம் என்ற பாக்டீரியா குறைவாக இருக்கலாம். அடுத்த முறை பயறு விதையோடு ரைசோபியம் கலந்து விதையுங்கள். வேளாண்மை விரிவாக்க மையத்தில் குறைந்த விலையில் கிடைக்கும். அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா, டிரைகோடெர்மா விரிடி, சூடோமோனாஸ் போன்ற பயிருக்கு உதவும் நுண்ணுயிர்கள் எல்லாம் அங்கேயே கேட்டு வாங்கலாம். கடையில் பளபளப்பான பாட்டிலில் விற்கும் 'ஆர்கானிக் வளர்ச்சி ஊக்கி'யில் ஒரு ரூபாயும் போடாதீர்கள். உள்ளே என்ன இருக்கிறதென்று விற்கிறவருக்கே தெரியாது.

இதற்கெல்லாம் முன்னால் மண்ணையும் கிணற்றுத் தண்ணீரையும் பரிசோதனைக்குக் கொடுத்துவிடுங்கள். அறிக்கையில் பார்க்க வேண்டியது மூன்று: கார அமில நிலை, உப்பின் அளவு, அங்ககக் கரிமம் (மக்கிய தழையும் வேரும் மண்ணில் சேர்க்கும் கரிமம்). அங்ககக் கரிமம் 0.5 சதவீதத்துக்குக் கீழே என்று வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம், நம் பக்கத்து நிலங்கள் பலவும் அப்படித்தான் இருக்கும். அந்த எண்ணை எழுதி வைத்துக்கொண்டு மூன்று வருஷம் கழித்து மறுபடி பாருங்கள்.

அடுத்து, 2 ஏக்கரையும் ஒரே நேரத்தில் மாற்றாதீர்கள். இலங்கையில் 2021இல் ரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாகத் தடை செய்தார்கள். சில மாதங்களிலேயே நெல்லும் தேயிலையும் அடிபட்டு, அதே வருஷம் நவம்பரில் தடையைக் கைவிட வேண்டி வந்தது. இயற்கை விவசாயம் தோற்றுவிட்டது என்பதற்கு இதைச் சிலர் சாட்சியாகக் காட்டுகிறார்கள். எனக்கு அது அவசரத்துக்குச் சாட்சியாகத்தான் தெரிகிறது. உர மூட்டையை நிறுத்தினார்கள், அந்த இடத்தில் வைக்க எருவும் இல்லை, தழையும் இல்லை, பழக்கமும் இல்லை. நாடே தாங்காததை உங்கள் 40,000 ரூபாய் தாங்காது. கிணற்றுக்குப் பக்கத்தில் அரை ஏக்கரை எடுத்துக்கொள்ளுங்கள். மீதி ஒன்றரை ஏக்கரில் களைக்கொல்லியை மட்டும் இப்போதே நிறுத்திவிட்டு, யூரியாவைப் போகத்துக்குப் போகம் குறைத்துக்கொண்டு வாருங்கள். அரை ஏக்கர் அனுபவம் கைக்கு வந்ததும் மற்றதையும் சேர்க்கலாம்.

மாடு விஷயம். ஜீவாமிர்தத்துக்காக மாடு வாங்காதீர்கள். மாட்டைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்து, தீவனம் இருந்து, பாலும் வேண்டும் என்றால் வாங்குங்கள், அது வேறு. ஒரு மாடு ஒரு நாளைக்குப் போடும் சாணமே சுமார் 10 கிலோ. ஒரு நாள் சாணம் அரை ஏக்கருக்கு இரண்டு தடவை கரைசலுக்கு வரும். பக்கத்து வீட்டில் கேட்டால் கொடுக்கமாட்டார்களா? நாட்டு மாட்டுச் சாணம்தான் வேண்டும் என்பது பாலேக்கரின் கட்டளை. கிடைத்தால் நல்லதுதான். கிடைக்காவிட்டால் கலப்பின மாட்டுச் சாணத்திலும் கரைசல் புளிக்கும். இதற்காக ஒரு போகத்தைத் தள்ளிப் போடுவது சரியாகப் படவில்லை.

சாணத்தைவிட ஆட்டுக் கிடையைப் பற்றி விசாரியுங்கள். 'ஆட்டு எரு அந்த வருஷம், மாட்டு எரு மறு வருஷம்' என்பார்கள். ஆட்டுப் புழுக்கை சீக்கிரம் பலன் தரும் என்பது அனுபவத்தில் கண்டது. அறுவடை முடிந்து நிலம் சும்மா கிடக்கும்போது மந்தைக்காரரிடம் பேசி நாலைந்து ராத்திரி கிடை அமர்த்தினால் புழுக்கையும் மூத்திரமும் நிலத்திலேயே விழும். வண்டி வைத்து எரு அடிக்கும் கூலி மிச்சம். கிடை எடுத்த காலையிலேயே ஒரு மேல் உழவு ஓட்டிவிடுங்கள், வெயிலில் விட்டால் சத்து காற்றோடு போய்விடும். இன்னொன்று ஏரி வண்டல். வட்டாட்சியரிடம் அனுமதி வாங்கி, விவசாயிகள் ஏரி, குளத்து வண்டலை இலவசமாக எடுத்துக்கொள்ள அரசு வழி செய்திருக்கிறது. டிராக்டர் வாடகை மட்டும் உங்களுடையது. சரளை கலந்த செம்மண்ணுக்கு வண்டலைப் போல நீர் பிடிக்க வைப்பது வேறில்லை.

சரி, கரைசலும் போடத்தான் போகிறீர்கள். பிளாஸ்டிக் டிரம், நிழலில் வையுங்கள், இரும்பு வேண்டாம். வெல்லச் செலவைக் குறைக்க வேண்டுமானால் கழிவு வெல்லமே போதும், அழுகும் பழமும் ஆகும். பயறு மாவுக்குக் குருணை வாங்கி அரைத்துக்கொள்ளுங்கள். காலையும் மாலையும் கடிகாரம் சுற்றும் பக்கமாகக் கலக்கிவிட்டுச் சாக்கால் மூடுங்கள். 48 மணி நேரத்தில் மேலே நுரை கட்டி, கள் வாசனை போல ஒரு புளித்த வாசனை வரும். அழுகல் நாற்றம் வந்தால் கலக்கியது போதவில்லை என்று அர்த்தம். ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். மடைவாயில் டிரம்மை வைத்துச் சிறிதாகத் திறந்துவிட்டால் பாசனத் தண்ணீரோடு போய்விடும். சொட்டுநீர் போட்டிருந்தால் இரண்டு தடவை வடிகட்டாமல் விடாதீர்கள், அடைத்துக்கொள்ளும். காய்ந்த நிலத்தில் ஊற்றுவது வீண், ஈரம் இருக்கும்போது மட்டும்.

பயிர் எது? மிளகாய், கத்தரி, பருத்தி, ஹைப்ரிட் தக்காளி பக்கம் முதல் இரண்டு வருஷம் போகாதீர்கள். அவையெல்லாம் பூச்சிக்கும் பெரும் பசிக்கும் பேர் போனவை. உளுந்து, கடலை, எள், கேழ்வரகு, சாமை போன்றவை புதிதாகத் தொடங்குகிறவர்களைக் கைவிடாது. உங்கள் மாவட்டத்திலேயே ஜவ்வாது மலையில் சாமையை உர மூட்டை பார்த்தா வளர்த்தார்கள்? நெல் போடுவதென்றால் பாரம்பரிய ரகமாக, சம்பா பட்டத்தில் 25 சென்ட் மட்டும் வீட்டுக்குப் போடுங்கள். கிச்சிலிச் சம்பா, தூயமல்லி, சீரகச் சம்பா மூன்றுமே தொடங்குவதற்கு நல்லவை. திருத்துறைப்பூண்டி பக்கத்து ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாவில் 2 கிலோ விதை வாங்கிப்போனவர்கள் அடுத்த வருஷம் 4 கிலோவாகத் திருப்பித் தரவேண்டும் என்பது ஏற்பாடு. அவர் 2018இல் காலமானார், விதைகள் அப்படிப் பரவியதால் இன்று பல மாவட்டங்களில் யாரிடமாவது கிடைக்கின்றன. இந்த ரகங்கள் உயரமானவை. தழைச்சத்து அதிகமானால் சாய்ந்துவிடும், அதனால் குறைந்த சத்தே அவற்றுக்குப் பொருத்தம்.

உங்களுக்கு என் யோசனை, ஆடிப் பட்டத்தில் அரை ஏக்கர் கடலை. கடலையும் பயறு வகைதான், தன் தழைச்சத்தில் பெரும்பங்கைத் தானே தேடிக்கொள்ளும். விதைப்பருப்பு ஏக்கருக்கு 50, 55 கிலோ ஆகும், உங்களுக்கு அதில் பாதி. அப்பா வைத்திருக்கும் கடலையே இருந்தால் முளைப்புத்திறன் பார்த்துவிட்டு அதையே போடலாம். பலதானியத்தை மடக்கி உழுத பிறகு மூன்று வாரமாவது இடைவெளி கொடுங்கள். பாதி மக்கிய தழை மண்ணில் இருக்கும்போது கடலை விதைத்தால் தண்டழுகல் வரும். கிலோ விதைக்கு 4 கிராம் டிரைகோடெர்மா விரிடி கலந்து விதையுங்கள். சாணம், கோமியத்தில் செய்யும் விதை நேர்த்திக் கரைசலான பீஜாமிர்தம் போட விரும்பினால் கடலையை அதில் ஊறப்போடாதீர்கள், தோல் உரிந்து பருப்பு பிளந்துவிடும். மேலே தெளித்து, பிசறி, நிழலில் உலர்த்தினால் போதும்.

ஆறு வரிசைக்கு ஒரு வரிசை துவரை, இடையிடையே தட்டைப்பயறு, வரப்போரம் ஆமணக்கு. ஆமணக்கு உங்கள் காவலாள். இலை தின்னும் புரொடீனியாப் புழுவின் தாய் அந்துப்பூச்சி முதலில் அதில்தான் முட்டையிடும். இலைக்கு அடியில் பழுப்பு நிறத்தில் பஞ்சு ஒட்டியது போல முட்டைக் குவியல் தெரியும். அந்த இலையைக் கிள்ளி அழித்தால் நூற்றுக்கணக்கான புழு ஒரே நொடியில் முடிந்தது. இந்த வேலைக்குத் தினமும் கால் மணி நேரம் நிலத்தைச் சுற்றி வரவேண்டும், அவ்வளவுதான். சிவப்புக் கம்பளிப்புழு பற்றி அப்பாவுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். நல்ல மழை பெய்த மறுநாள், மூன்றாம் நாள் சாயங்காலத்தில் அந்துப்பூச்சி மண்ணிலிருந்து கிளம்பும். அன்று வயலோரம் விளக்குப்பொறி வைப்பதோ தீ மூட்டுவதோதான் மருந்து. கோடை உழவு ஆழமாக ஓட்டியிருந்தால் கூட்டுப்புழு மேலே வந்து கொக்கும் மைனாவும் பாதி வேலையை முடித்திருக்கும். அதற்கு மேலும் புழு தெரிந்தால் வேப்பங்கொட்டைக் கரைசல்: 100 லிட்டர் தண்ணீருக்கு வேப்பம்பருப்பு 5 கிலோ, இடித்து ராத்திரி ஊறப்போட்டு, துணியில் வடித்து, கொஞ்சம் காதி சோப்புக் கரைத்து, வெயில் சாய்ந்த பிறகு தெளியுங்கள். வெயிலில் அடித்தால் வீரியம் போய்விடும். இதை அடித்தவுடன் புழு செத்து விழாது, தின்பதை நிறுத்தும். இரண்டு நாள் பொறுக்க வேண்டும். ஆனி, ஆடியில் வேப்பம்பழம் உதிரும்போது குழந்தைகளை விட்டுப் பொறுக்கி, நிழலில் உலர்த்தி வைத்துக்கொண்டால் வருஷத்துக்கும் வரும்.

40ஆம் நாள் மண் அணைக்கும்போது ஜிப்சம், ஏக்கருக்கு 160 கிலோ. இது பாறையிலிருந்து எடுக்கும் கனிமம், அங்ககச் சான்று முறையிலும் இயற்கை ஜிப்சத்துக்கு இடம் உண்டு. 'வெளியிலிருந்து எதுவும் வாங்கக் கூடாது' என்கிற கண்டிப்பான ஆட்கள் இதற்கும் முகம் சுளிப்பார்கள். சுண்ணாம்புச் சத்து குறைந்த செம்மண்ணில் ஜிப்சம் இல்லாமல் பொக்குக் கடலை அறுத்துக்கொண்டு யாருக்கு என்ன நிரூபிக்கப் போகிறோம்?

இப்போது பணம். பாலேக்கர் தன் முறைக்கு வைத்த 'ஜீரோ பட்ஜெட்' என்ற பேரை நம்பி இறங்காதீர்கள். ஊடுபயிர் வருமானம் சாகுபடிச் செலவை ஈடுகட்டிவிடும் என்பதுதான் அதன் கணக்கு. கூலி எங்கேயும் ஜீரோ ஆகாது. களைக்கொல்லியை நிறுத்தியதும் அந்தச் செலவு ஆள் கூலியாக வந்து நிற்கும். 40,000இல் பாதியை இரண்டு களையெடுப்புக்கென்று தனியே எடுத்து வைத்துவிட்டு மீதியில் திட்டம் போடுங்கள். முதல் களை 20 நாளுக்குள் எடுத்துவிட வேண்டும். ஒரு வாரம் தள்ளிப்போனால் கூலி இரட்டிப்பாகும். கோரை மண்டிய இடத்தை முதல் வருஷத்துக்குத் தேர்ந்தெடுக்காதீர்கள். மண்ணைத் தழையாலோ வைக்கோலாலோ மூடும் மூடாக்கு களையைக் குறைக்கும், ஈரத்தைக் காக்கும், மறுப்பில்லை. ஆனால் வைக்கோல் விற்கும் விலைக்கு அதை மண்ணில் பரப்ப யாரால் முடியும்? கரும்புச் சோகை, தென்னை மட்டை, கடலைத் தொலி, வேலியில் நட்ட கிளைரிசிடியா தழை என்று பாருங்கள். காய்ந்ததைப் போட்டால் செம்மண்ணில் கறையான் வரும், ஈரமாக இருக்கும்போது போட்டு மேலே கொஞ்சம் சாணக் கரைசல் தெளித்துவிடுங்கள். கிளைரிசிடியாக் கிளையை இந்த மழைக்கே வேலியோரம் ஊன்றிவிடுங்கள், பக்கத்து நிலத்துக்காரர் அடிக்கும் மருந்தையும் ஓரளவு தடுக்கும்.

கடலை வந்ததும் மூட்டையாகக் கமிட்டிக்கு (ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு) கொண்டு போனால் ரசாயனக் கடலை விலைதான். செக்கில் ஆட்டுங்கள். சுமார் இரண்டரை கிலோ பருப்புக்கு ஒரு லிட்டர் எண்ணெய் வரும், பிண்ணாக்கு தனி. தெரிந்த இருபது வீட்டுக்குக் கொடுக்கும் அளவு எண்ணெய்க்குச் சான்றிதழ் தேவையில்லை, நிலத்தை வந்து பாருங்கள் என்று கூப்பிட்டாலே போதும். கடைக்கோ வெளியூருக்கோ போகும்போதுதான் சான்று வேண்டும். அதற்கு இரண்டு வழி. கோயம்புத்தூரில் இருக்கும் தமிழ்நாடு அங்ககச் சான்றளிப்புத் துறையில் பதிவு செய்வது ஒன்று. பக்கத்தில் குறைந்தது ஐந்து விவசாயிகள் சேர்ந்து ஒருவர் நிலத்தை ஒருவர் பார்த்து உறுதி சொல்லும் பி.ஜி.எஸ். முறை இன்னொன்று, செலவு கிட்டத்தட்ட இல்லை, உள்நாட்டு விற்பனைக்குப் போதும். ரசாயனத்தை விட்டு இயற்கைக்கு மாறிச் சான்று கிடைக்கும் வரையான மாறுகாலம் பருவப் பயிர்களுக்குப் பொதுவாக இரண்டு வருஷம், மரப்பயிருக்கு மூன்று. ஒரே பண்ணையில் பாதி ரசாயனம், பாதி இயற்கை என்று நெடுநாள் ஓட்டவும் விடமாட்டார்கள். அதனால் ஒரு நோட்டுப் போட்டு, எந்தத் தேதியில் எந்தப் பாத்தியில் என்ன போட்டீர்கள், எவ்வளவு செலவு, கடைசியாக எப்போது உரமோ மருந்தோ பட்டது என்பதை இப்போதிருந்தே எழுதுங்கள். பதிவு செய்யப் போகும் நாளில் முதலில் கேட்பது அந்த நோட்டைத்தான். அப்புறம், கரூர் மாவட்டம் கடவூரில் இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் உருவாக்கிய வானகத்தில் பயிற்சி நடத்துகிறார்கள். ஒரு முறை போய் வாருங்கள், விதை கொடுக்கிறவர்களின் தொடர்பும் அங்கேயே கிடைத்துவிடும்.